சஹனில் என் பக்கம்

எங்கள் பகுதியில் கலியாணச் சாப்பாடு என்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டு ஒன்றில் சோற்றைக் குவித்து, இறைச்சியையும் கறிகளையும் அதன் மேலேயே வைத்து, சுற்றி ஆறு பேர் சம்மணம் கட்டி உட்கார்ந்து சாப்பிடுவோம். கோடு கீறாவிட்டாலும் அந்தத் தட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிட வேண்டும். இந்த மரியாதை தெரியாதவனோடு யாரும் இரண்டாம் தரம் உட்கார விரும்ப மாட்டார்கள்.

என் வலது கைக்கு இந்த மரியாதை மறந்துபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சும்மா மடியில் கிடக்கும்போது பச்சைப் பிள்ளை மாதிரி அடங்கிக் கிடக்கும். ஏதாவது ஒரு வேலை கொடுத்தால் போதும், உதறத் தொடங்கிவிடும். கடைசியாக நான் உட்கார்ந்த சஹனில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கல்முனை பஸாரில் மரக்காலை வைத்திருப்பவர். எனக்கு அதே தெருவில் இரும்புச் சாமான் கடை. அவரிடம் பலகை வாங்குகிறவன் என்னிடம்தான் ஆணி வாங்குவான், அந்த அளவுக்கு நெருக்கம். நான் எடுத்த கவளம் வாய்க்கு வருகிற வழியில் சிதறி அவர் பக்கம் போய் விழுந்தது. அவர், விழுந்த சோற்றை மட்டும் விரல் நுனியால் ஒதுக்கித் தட்டின் விளிம்புக்குத் தள்ளிவிட்டு, பேசாமல் தன்பாட்டில் சாப்பிட்டார்.

ஏசியிருந்தால் நானும் திருப்பி ஏசியிருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊருக்கே தெரியும். ஆனால் ஒதுக்கி வைத்த ஒரு பிடி சோற்றோடு எப்படிச் சண்டை பிடிப்பது? அன்றைக்குப் பிறகு கலியாண வீடுகளுக்குப் போய், அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, வயிறு சரியில்லை என்று சொல்லித் திரும்பி வந்துவிடுவேன். இத்தனை வருடமாக வயிறு சரியில்லாத ஒருவன் எப்படி இவ்வளவு கொழுத்திருக்கிறான் என்று யாரும் கேட்காதது அவர்களுடைய பெருந்தன்மை.

கடையிலும் கை என் மானத்தை வாங்கியது. ஆணி நிறுத்தால் பாதி தரையில். நான் போட்ட கையெழுத்தைக் காட்டி இது யாருடையது என்று வங்கி முகாமையாளர் என்னிடமே கேட்டார். விலை சொல்லும்போது கை நடுங்குவதைப் பார்த்த மேசன்மார், நான் பொய் விலை சொல்லிவிட்டுப் பயப்படுகிறேன் என்று நினைத்து இன்னும் குறைக்கச் சொன்னார்கள். வீட்டில் கோப்பை அடியிலுள்ள பீரிசுத் தட்டில் மோதுகிற கிணுகிணுப்பைக் கேட்டு நான் எந்த அறையில் இருக்கிறேன் என்று கண்டுபிடித்தார்கள். என் மனைவி மட்டும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. தேத்தண்ணியை அரைக் கோப்பை ஊற்றித் தருவாள். குடித்து முடித்ததும் மற்ற அரைவாசி வரும். அவள் காட்டிய அன்பில் இதைவிடப் பெரியது எது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்போதுதான் மகளுக்கு இடம் சரிவந்தது. மாப்பிள்ளை மருதமுனைப் பிள்ளை, பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார் என்பதால், எங்கள் வளவிலேயே மகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில் எனக்குப் பிரச்சினை இருக்கவில்லை. பிரச்சினை நிகாஹில் இருந்தது. பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையின் வலக்கையைத் தன் வலக்கையால் பிடித்துக்கொண்டு, மகளை நிகாஹ் செய்து தந்தேன் என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். கைக்கு முன்னால் மைக் இருக்கும். மைக்குக்கு முன்னால் வீடியோக் கமெரா இருக்கும். கமெராவுக்குப் பின்னால் ஊரே இருக்கும்.

மனைவியின் தம்பி, அதாவது என் மச்சான், தங்கமான மனிதன். வாயை மூடி வைக்க மட்டும் தெரியாது. மௌலவிக்குப் பொறுப்புக் கொடுத்தால் எனக்குப் பதிலாக அவர் கையைப் பிடித்துச் சொல்லிவிடுவார், மார்க்கத்தில் அதற்கு இடம் இருக்கிறது, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றான். அவன் சொன்னது சரி. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. என் மகளை நான் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது என்று கத்திவிட்டு, குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வீட்டில் சரியாகப் பூட்டுகிற கதவு அது ஒன்றுதான்.

இதெல்லாம் மகளின் காதில் விழுந்திருக்கிறது. பின்னேரம் புது வீட்டில் நான் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்து பக்கத்தில் நின்றாள்.

“வாப்பா, கை நடுங்கினா நடுங்கட்டும். உங்கட கையாலதான் என்னக் குடுக்கோணும்” என்றாள்.

வந்த அழுகையை மறைக்க, இந்தக் கதவுக்குப் பித்தளைப் பிணைச்சல் போடுவோமா என்று கேட்டேன். அவளுக்கு நடுக்கம் ஒரு பொருட்டே இல்லை. எனக்கு அப்படி இல்லை. அவளைக் கொடுக்கிற அந்த ஒரு நிமிடமாவது என் கை என் பேச்சைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

அதுவரை நான் விழுங்கிய குளிசைகள் என்னைத் தூங்க வைத்தனவே தவிர, கையைத் தூங்க வைக்கவில்லை. கொழும்பில் பார்த்த நரம்பு டொக்டர் இரண்டு வழி சொன்னார். மண்டையில் துளை போட்டு மூளைக்குள் கம்பி வைப்பது ஒன்று. துளை போடும் இயந்திரம் விற்கிற எனக்கு அதைப் பற்றி யாரும் விளக்கத் தேவையில்லை, வேண்டாம் என்றேன். மற்றது, கத்தியே படாமல் கதிர்களை வெளியிலிருந்து குவித்து, நடுக்கத்துக்குக் காரணமான ஒரு சின்னஞ்சிறு இடத்தை மட்டும் அணைத்துவிடுவது. சென்னையில் செய்கிறார்கள். இடது கையும் கொஞ்சம் ஆடினாலும் ஒரு கைக்குத்தான் செய்வார்கள். உடனே சுகம் தெரியாது, கிழமைகள் ஆகும், மாதங்களும் ஆகலாம், சிலருக்கு முழுதாகச் சரிவராது, அபூர்வமாக உடம்பில் ஒரு பக்கம் விறைப்பு வரலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார். வலது கைக்குச் செய்யுங்கள் என்றேன்.

கலியாணச் சாரி எடுக்கச் சென்னைக்குப் போகிறோம் என்று ஊருக்குச் சொன்னோம். கலியாணச் சாரிக்குச் சென்னை போகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருப்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. உண்மை மச்சானுக்கு மட்டும் தெரியும். கடைச் சாவியையும் அவனிடம்தான் கொடுத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் நெற்றியிலும் பின்னந்தலையிலும் விறைப்பு ஊசி போட்டு, ஓர் உலோகச் சட்டத்தை நான்கு ஸ்குரூவால் தலையில் பொருத்தினார்கள். தலை ஒரு மயிரளவும் அசையக் கூடாதாம். என் வாழ்நாளில் எவ்வளவு ஸ்குரூ விற்றிருப்பேன், ஒரு நாள் அது என் மண்டைக்கே வரும் என்று நினைத்ததில்லை. பொருத்திய டொக்டர் இளம் பெண். அடுத்தடுத்த ஸ்குரூவை முடுக்காமல், எதிரெதிர் மூலையாக மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். அதுதான் சரியான முறை. பிள்ளைக்கு வேலை தெரியும் என்று அப்போதே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

கதிர்கள் பல திக்கிலிருந்து வரும் என்று அவர் விளக்கினார். ஒவ்வொன்றும் தனியாக மிகவும் மெல்லியது, போகிற வழியில் ஒன்றையும் கெடுக்காது. எல்லாம் வந்து சந்திக்கிற அந்த ஒரு புள்ளியில்தான் வேலை நடக்கும். விளங்கிவிட்டது, எங்கள் ஊர்ச் சஹனில் ஆறு பக்கமிருந்தும் கை வந்து நடுவில் இருக்கிற இறைச்சியில் விழுவது மாதிரி என்றேன். அவருக்குச் சஹன் தெரியாது. தலையில் இரும்புச் சட்டத்தோடு உட்கார்ந்து அதன் சட்டதிட்டங்களையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இப்போது ஸ்கேன் எடுக்கலாமா என்றார்.

இயந்திரத்துக்குள் கிடத்தியபோது கலிமாவைச் சொல்லிக்கொண்டு கண்ணை மூடினேன். வெட்டும், சுடும், ஏதாவது ஒரு பெரிய சத்தம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றுமே வரவில்லை. ஓதிக்கொண்டே தூங்கிப்போனேன். இடையில் மைக்கில் ஒரு குரல், சார் நல்லா இருக்கீங்களா என்று கேட்டது. நான் குறட்டை விட்டது அவர்களுக்கு வேறு விதமாகக் கேட்டிருக்கிறது.

சட்டத்தைக் கழற்றியதும் முதல் வேலையாக ஒரு கிளாஸ் தண்ணீர் கேட்டேன். கை முன்னைப் போலவே ஆடி, தண்ணீர் என் மடியில் கொட்டியது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் டொக்டரைப் பார்த்தேன். கொழும்பில் சொன்னதையே அவரும் சொன்னார்: மெல்ல மெல்லத்தான் வரும், பொறுங்கள். நெற்றியில் இரண்டு பிளாஸ்டரோடு மறுநாள் சாரிக் கடைக்குப் போனோம். என் கோலத்தைப் பார்த்து அடிபட்டதா என்று விசாரித்த கடைக்காரர், மனைவி பேரம் பேசத் தொடங்கியதும் அதை மறந்துவிட்டார்.

நாங்கள் அங்கே சாரி எடுத்துக்கொண்டிருந்த நேரம் ஊரில் மச்சான் தன் வேலையைக் காட்டியிருந்தான். என் மேலுள்ள பாசத்தில் மனம் பொறுக்காமல், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எனக்காகத் துஆச் செய்யும்படி பள்ளிவாசலில் அழுதழுது கேட்டிருக்கிறான். அவர்கள் ஒலிபெருக்கியில், மூளையில் பாரிய சத்திரசிகிச்சைக்கு உள்ளாகியிருக்கும் இன்னாருக்காக என்று ஊர் முழுக்கக் கேட்கத் துஆச் செய்துவிட்டார்கள். ஆமீன் சொன்ன அத்தனை பேரும் நாங்கள் வந்து இறங்கும்போது எங்கள் வீட்டு வாசலில் நின்றார்கள்.

கொத்துக் கொத்தாக முந்திரிகைப் பழம், அப்பிள், பிஸ்கட் பெட்டிகள். மேசையில் இடமில்லாமல் கட்டிலிலும் வைத்தோம். வந்தவர்களுக்கு என் தலை பெரிய ஏமாற்றமாகப் போய்விட்டது. மொட்டை இல்லை, கட்டு இல்லை, ஒரு தையல்கூட இல்லை. நெற்றியில் ஸ்குரூ பட்ட இரண்டு சிறு புள்ளிகள் மட்டும்தான். மரக்காலைக்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்ட வந்து அந்தப் புள்ளிகளைப் பலகையில் உளுத்த ஓட்டை பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

“தலையத் தொறக்காம மூளைக்கு வைத்தியமா? உங்கள நல்லா ஏமாத்திப் போட்டானுகள்” என்றார்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் ஒரு கண்ணை என் கையில்தான் வைத்திருந்தார்கள். தேத்தண்ணி வந்ததும் கதை நின்றுவிடும். எல்லோருடைய பார்வையும் என் கோப்பையில் வந்து குவியும். ஆட்கள் பார்க்கப் பார்க்கக் கூடுகிற வியாதி இது. கோப்பை கிணுகிணுக்கும். அவர்கள் பெருமூச்சு விட்டு, அல்லாஹ் சுகம் தருவான் என்று எழும்பிப் போவார்கள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சம்மந்தியும் வந்தார். ஒலிபெருக்கிச் செய்தி மருதமுனை வரை போயிருந்தது. பயந்துவிட்டோம், எங்கள் பள்ளியிலும் துஆச் செய்தோம் என்றவர், மாமாவின் கை சுகமான பிறகு நிகாஹை வைத்துக்கொள்ளலாம் என்று மகனே சொல்லி அனுப்பியதாகச் சொன்னார். அந்தப் பிள்ளையின் மேல் அப்போதே எனக்கு ஒரு விருப்பம் வந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? வைத்த தேதி வைத்ததுதான், நான்தான் கையைப் பிடித்துக் கொடுப்பேன் என்று வீரமாகச் சொன்னேன். அவர் போன பிறகு மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சொல்லிவிட்டோமே என்று எனக்கும் உள்ளுக்குள் பதறியது.

கிழமைகள் போயின. கை தன்பாட்டில் ஆடியது. சாரிக்குச் சட்டை தைத்தாகிவிட்டது, புது வீட்டுக்கு நிறம் அடித்தாகிவிட்டது, பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. மௌலவியிடம் பொறுப்பைக் கொடுக்கிற வார்த்தைகளை நானே தனியாகச் சொல்லிப் பார்க்கிற அளவுக்கு மனம் இறங்கியிருந்தது.

ஒரு நாள் காலை மனைவி கலியாணப் பலகாரத்துக்கு ஆட்களை வைத்து அடுப்படியில் அல்லாடிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு விறாந்தைக்குப் போனேன். ஒரு மிடறு குடித்ததும் கோபம் வந்துவிட்டது. கோப்பையைப் பீரிசோடு தூக்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பி நடந்துபோய், சீனி போடாத தேத்தண்ணியை மனிசன் குடிப்பானா என்று கேட்டேன். அவள் மாவுக் கையோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன பார்க்கிறாய், சீனியைப் போடு என்று கோப்பையை நீட்டினேன்.

“கோப்பையப் பாருங்க” என்றாள்.

பார்த்தேன். பலகார அவசரத்தில் அவள் அரைக் கோப்பைக்குப் பதிலாக விளிம்பு வரை ஊற்றியிருக்கிறாள். நான் அதை விறாந்தைக்கும் அடுப்படிக்குமாகக் கொண்டு திரிந்திருக்கிறேன். பீரிசில் ஒரு சொட்டுக்கூட இல்லை. சத்தமும் இல்லை. எப்போது நின்றது என்று எனக்கே தெரியவில்லை. அவள் மாவுக் கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு முகமெல்லாம் மாவோடு சிரித்தாள். நான் அந்தச் சீனியில்லாத் தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தேன். அதைவிட இனிப்பான ஒன்றை இன்றுவரை நான் குடித்ததில்லை.

அன்று முழுவதும் எனக்குப் பைத்தியம். பழைய பத்திரிகை முழுக்கக் கையெழுத்துப் போட்டேன். புது வீட்டில் தேவையில்லாத இடங்களிலெல்லாம் ஆணி அடித்தேன், அவற்றில் மாட்ட மகள் இன்னமும் படம் தேடுகிறாள். சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக் காட்டினேன். களைத்தால் ஒரு மெல்லிய நடுக்கம் வரத்தான் செய்தது, இடது கை பழையபடிதான். இருந்தாலும் கொடுக்கிற கை வலது கைதானே.

ஊருக்கு இதைச் சொல்லக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் கட்டளை போட்டேன், மச்சானுக்குத் தெரியவே கூடாது என்றேன். ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்ன வாய்களெல்லாம் நிகாஹ் அன்று பார்த்து மூடிக்கொள்ள வேண்டும், அதுவும் மரக்காலைக்காரரை முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். அதுவரைக்கும் விருந்தாளி வந்தால் வேண்டுமென்றே கோப்பையை இடது கையில் எடுத்தேன். இந்த நடிப்பு எனக்கு நன்றாக வந்தது.

நிகாஹ் அன்று பந்தல் நிறைந்து ஆட்கள். மகள் வீட்டுக்குள் பெண்களோடு இருந்தாள். மாப்பிள்ளை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மௌலவி குத்பா ஓதி முடித்து, கையைப் பிடியுங்கள் என்றார். பந்தலில் எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். நான் இத்தனை மாதம் காத்திருந்த கையை நீட்டினேன், அது ஓடாவி ஆணி அடித்துப் பொருத்திய மரச் சட்டம் மாதிரி அசையாமல் நின்றது. மாப்பிள்ளையின் கையைப் பிடித்தேன்.

பிடித்ததும் இரண்டு கையும் சேர்ந்து உதறின.

பிறகுதான் உணர்ந்தேன், ஆடியது என் கை இல்லை. அந்தப் பிள்ளையின் கை ஐஸ்கட்டி போலக் குளிர்ந்து, வியர்த்து, காய்ச்சல்காரனுடையது மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை. ஆனால் பிடித்த கைகளில் எது நடுங்குகிறது என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்? ஊருக்கு ஏற்கெனவே விடை தெரியும். எனக்குப் பின்னால் நின்ற மச்சான் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பதறிப்போய் ஓதத் தொடங்கினான். முன் வரிசையில் மரக்காலைக்காரர் பாவம் என்று தலையை ஆட்டினார்.

ஒரு நொடி கையை விலக்கி, விரலை விரித்துக் காட்டினால் போதும். என் மானம் திரும்ப வந்துவிடும். அந்த நொடியிலேயே மாப்பிள்ளையின் மானம் போய்விடும். பெண் வீட்டுக்குக் குடிவருகிற பிள்ளை, வருகிற அன்றைக்கே ஊர் சிரிக்க வர வேண்டுமா? நான் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் மகளை உங்களுக்கு நிகாஹ் செய்து தந்தேன் என்று மைக் அதிரச் சொன்னேன். அவர் ஏற்றுக்கொண்டேன் என்றார். குரல் உடைந்தாலும் சொல் முழுதாக வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று பந்தல் முழங்கியது. எனக்குக் கண் கலங்கியது, அதற்கும் ஊர் ஒரு காரணம் வைத்திருந்திருக்கும்.

கை குலுக்க ஆட்கள் வருமுன் மாப்பிள்ளை என் காதுக்குக் கிட்டக் குனிந்தார்.

“மாமா, நடுங்கினது என்ட கை” என்றார்.

“நடுங்கினா நடுங்கட்டும் மனே” என்றேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்து என்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள். இந்தியாவும் கைவிட்டுவிட்டதே என்றார் ஒருவர். நான் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். இவ்வளவு அனுதாபத்தை இவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்ட மனிதனை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு மாப்பிள்ளையின் சஹனில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை எனக்கு இடப் பக்கம், மரக்காலைக்காரர் எனக்கு நேர் எதிரே. பிஸ்மி சொல்லிக் கையை வைத்தேன். அவர் தன் சோற்றை மறந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கவளம் நேராக வாய்க்குப் போனது, அடுத்ததும் போனது. சோற்றைக் கண்டால் மட்டும் நடுங்குவதில்லை போல என்று பகிடி விட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

என் கையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் ஒன்றைக் காணவில்லை. பயம் இன்னும் தெளியாத மாப்பிள்ளையின் விரலிலிருந்து ஒரு பிடி சோறு சிதறி என் பக்கம் விழுந்தது. பிள்ளையின் கை அப்படியே நின்றுவிட்டது. நான் அதை என் சோற்றோடு சேர்த்துப் பிசைந்து சாப்பிட்டேன்.